கருவி காட்டியதை எழுது



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்தில் சென்றேன். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவுதான். எனினும், அந்த வழியை நான் கடந்து செல்லப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு இயற்பியல் கற்பித்த பேராசிரியர் இறந்துவிட்டார் என்னும் செய்தி அன்று காலையில்தான் வந்தது. அவர் உயிரோடிருந்தபோது செல்லாத கால்கள், அவர் உடலைக் காணச் சென்றுகொண்டிருந்தன.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்மைப் பற்றி யாரும் எழுதுவதையோ பேசுவதையோ அவர் விரும்பியதே இல்லை. நம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியராகவும், கடைசிச் சில ஆண்டுகள் முதல்வராகவும் இருந்தார் என்பது மட்டும் போதும். அவர் கத்தோலிக்கர் அல்லர். நெற்றியில் திருநீறு துலங்க வகுப்புக்கு வருவார். ஆனால் மனச்சான்று என்பது யாதென எனக்கு முதன்முதலில் உணர்த்தியவர் அவர்தாம். குருமடத்தில் அறநெறி இறையியல் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1980-களின் பிற்பகுதியில் நான் பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவன். முதல் செய்முறை வகுப்பில் தனி ஊசல் ஆய்வு. ஒரு நூலில் உலோகக் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, அது இருபது முறை போய்வர எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிட்டு, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறிய வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 வினாடி ஆகும். இருபது முறைக்கு ஏறத்தாழ 40 வினாடி. வரவேண்டிய விடை 9.8 என்பது பாடநூலிலேயே இருக்கிறது. ஆகவே நான் ஒரு குறுக்குவழி கண்டேன். விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற வினாடிகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்பிவிட்டேன். ஊசல் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

பேராசிரியர் என் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, எல்லோருடைய ஊசலுக்கும் காற்றுப் படுகிறது. உன் ஊசலுக்கு மட்டும் படவில்லையா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சினக்கவில்லை. அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு, "மறுபடி செய். கருவி காட்டியதை எழுது. நீ விரும்பியதை எழுதாதே" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

மறுபடி செய்தேன். விடை 9.6 வந்தது. கடிகாரத்தை அழுத்துவதில் அரை வினாடி பிசகினால் இவ்வளவு வேறுபாடு வந்துவிடும். அஞ்சி அஞ்சி அதை அவரிடம் நீட்டினேன். "இது உன்னுடையது. பிழை எங்கே நேர்ந்திருக்கும் என்று அடியில் எழுது" என்று கூறி, முழு மதிப்பெண் இட்டார். தவறான விடைக்கு முழு மதிப்பெண்! பின்னாளில் ஒப்புரவு அருட்சாதனத்தில் எத்தனையோ பேருடைய பாவ அறிக்கையைக் கேட்டிருக்கிறேன். ஆன்மச் சோதனை செய்வது எப்படி என்று சிறுவர்களுக்கு விளக்கும்போதெல்லாம், அந்தச் செய்முறைப் பதிவேடே என் கண்முன் வந்து நிற்கும்.

அன்பர்களே, இயற்பியல் ஆசிரியர் என்றதும் என் நினைவுக்கு வரும் மற்றொருவர் நம் திருச்சபையின் வரலாற்றில் இருக்கிறார். நம் இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அவர் இயேசு சபைத் துறவி யூஜின் லாஃபோன் அடிகளார். 1837-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் மோன்ஸ் நகரில் பிறந்தவர். 1865-இல் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ஐந்தாண்டுகளுக்கு முன் தொடங்கப்பெற்றிருந்த புனித சவேரியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1871-இல் அக்கல்லூரியின் அதிபரானார். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே அறிவியல் வகுப்பாயிருந்த காலத்தில், ஐரோப்பாவிலிருந்து கருவிகளைத் தருவித்து ஆய்வுக்கூடம் அமைத்தவர் அவர்.

அவர் வருவதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1864 அக்டோபர் 5-ஆம் நாள், கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கியிருந்தது. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர் என்பர். முன்னெச்சரிக்கை தருவார் எவருமில்லை. நாடு முழுவதற்குமான வானிலை ஆய்வுத் துறை 1875-இல்தான் தோன்றியது. இந்நிலையில் லாஃபோன் அடிகளார் கல்லூரியின் மொட்டை மாடியில் எளிய வானிலைக் கூடம் ஒன்றை அமைத்தார். காற்றழுத்தமானியை நாள்தோறும் பார்த்துக் குறித்துவந்தார். புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். வானம் தெளிவாயிருக்கும்போதே பாதரசம் கீழிறங்கத் தொடங்கிவிடும். 1867 நவம்பரில் அப்படி இறங்கியதைக் கண்ட அடிகளார், புயல் வருகிறதென்று அரசு அதிகாரிகளுக்கு அறிவித்தார். புயல் வந்தது, சேதமும் மிகுதி. ஆனால் எச்சரிக்கை கிடைத்ததால் பல உயிர்கள் தப்பின. அதன்பின் வானிலைக் குறிப்புகளை அந்நகரின் கத்தோலிக்க வார இதழ் ஒன்றில் அவர் தொடர்ந்து வெளியிட்டுவந்தார்.

புயலென்றால் என்னவென்று நம் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டித் தீர்த்ததே! விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. அன்று கைப்பேசியில் வந்த எச்சரிக்கைகளின் பின்னே, ஏதோ ஒரு மூலையில் கருவியின் அருகே உறங்காமலிருந்து, அது காட்டியதை அப்படியே எழுதிய ஒருவர் இருந்தார். மழைமானி காட்டியதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் அதன் விளைவு மதிப்பெண்ணோடு நின்றிருக்காது. மக்களின் உயிரில் போய் முடிந்திருக்கும்.

லாஃபோன் அடிகளாரின் பணி புயலோடு முடியவில்லை. 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து சென்றதை ஆராய இத்தாலிய வானியலார் தாக்கினி தலைமையில் வந்த குழுவினருடன் அவரும் சென்றார். வெள்ளியின் வளிமண்டலத்தில் நீராவி இருப்பதற்கான அறிகுறியை அவர்கள் நிறமாலைக் கருவியால் கண்டனர். அவர் திரும்பி வந்ததும் ஊரெங்கும் நன்கொடை திரட்டிக் கல்லூரியிலேயே ஒரு வானாய்வுக்கூடத்தை எழுப்பினார். தொலைபேசியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பொதுமக்களுக்குச் செய்து காட்டினார். சகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். போசுக்கு இயற்பியலில் ஈடுபாட்டை ஊட்டியவர் அடிகளாரே.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இனிமேல்தான் வருகிறது. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் இருந்தார்; இந்து சமயத்தவர். இந்தியர்களே நடத்தும் அறிவியல் நிறுவனம் ஒன்று வேண்டுமென்று கனவு கண்டவர். அவருக்குத் தோள்கொடுத்தவர் லாஃபோன் அடிகளார். இந்தியர்களுக்குத் தொழிற்கல்வி போதும். உயர் அறிவியல் எதற்கு என்று அந்நாளில் ஒரு சாரார் வாதிட்டனர். கைத்தொழில் மட்டும் கற்பித்தால் இந்தியர் என்றென்றும் அயலாரின் மேற்பார்வையில் வேலை செய்பவராகவே இருக்க நேரும். அவர்களே புதியன கண்டறிபவராக வேண்டும் என்று அடிகளார் வாதிட்டார். ஐரோப்பியர் ஒருவர், அதுவும் ஆங்கிலேயர் ஆட்சியில், இவ்வாறு பேசியது சிறிய செயலன்று. 1876 ஜூலை 29-ஆம் நாள் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. அடிகளார் அங்கே பல ஆண்டுகள் ஊதியமின்றி விரிவுரையாற்றினார். 1908 மே 10-ஆம் நாள் டார்ஜிலிங்கில் இறையடி சேர்ந்தார்.

அதற்கு முந்திய ஆண்டுதான், திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர், அரசின் கணக்குத் துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அலுவலக நேரம் போக மற்ற வேளைகளில் ஆய்வு செய்ய இடம் தேடியவருக்கு அந்தக் கழகத்தின் கதவு திறந்தது. அவரே சர் சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், அதே கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வாறு ஒரு துறவியும் ஒரு மருத்துவரும் சேர்ந்து நட்ட மரத்தின் கனியை, அவ்விருவரும் மறைந்தபின், இரண்டு தமிழர்கள் பறித்தார்கள். விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று நம் ஆண்டவர் கூறியதன் பொருள் கல்லூரிகளிலும் நிறைவேறத்தான் செய்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் திண்டிவனத்திலேயே, அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். மக்கள் பேராசிரியர் கல்யாணி என்று அழைக்கும் பிரபா கல்விமணி அவர்களைத்தான் சொல்கிறேன். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்து, செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் கொத்தடிமைகளாய்க் கிடந்த இருளர் குடும்பங்களுக்காகவும், சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பள்ளியின் வாசலிலேயே நின்றுவிட்ட அவர்தம் பிள்ளைகளுக்காகவும் உழைத்தவர். தாய்மொழியில் கற்பிக்கும் தாய்த்தமிழ்ப் பள்ளியைத் திண்டிவனத்தில் நிறுவியவர். எங்கேனும் திருட்டு நடந்தால், இருளர்தாம் செய்திருப்பர் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுப் பின்னர் வழக்கை எழுதும் கொடுமை நம் பகுதியில் நெடுங்காலம் இருந்தது. அது என்ன? நான் ஊசல் ஆய்வில் செய்த அதே குற்றந்தான். விடையை முதலில் எழுதிவிட்டு, அளவுகளைப் பின்னர் இட்டு நிரப்புவது. ஊசலுக்கு வலிக்கவில்லை, மனிதனுக்கு வலிக்கிறது. ஓர் இயற்பியல் ஆசிரியர் அந்தக் குடிசைகளின் வாசலில் போய் நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும்.

நான் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது என் பேராசிரியர் கல்லூரி முதல்வராகியிருந்தார். என் பங்கைச் சேர்ந்த ஏழை விதவை ஒருத்தி, தன் மகனுக்கு அக்கல்லூரியில் இடம் வாங்கித் தருமாறு கண்ணீரோடு கேட்டாள். மதிப்பெண் சற்றுக் குறைவு. நான் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டு நேரில் சென்றேன். என் பழைய ஆசிரியர். நான் கேட்டு மறுக்கமாட்டார் என்று நம்பினேன்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். கடிதத்தைப் படித்தார். பிறகு மேசைமேல் இருந்த பட்டியலை என் பக்கம் திருப்பி, அந்த இடத்துக்கு உரியவராய் இருந்த பெண்ணின் பெயரைக் காட்டினார். "இந்தப் பெண்ணுக்காகப் பேச யாரும் வரவில்லை, ஃபாதர். அவளுக்கு இந்தப் பட்டியல் மட்டுந்தான் இருக்கிறது" என்றார்.

அதுவரை என்னைத் 'தம்பி' என்றே அழைத்தவர் அன்று 'ஃபாதர்' என்றார். மரியாதைக்காகச் சொன்ன சொல்லை நான் விலகலாக எடுத்துக்கொண்டேன். பதவி வந்ததும் மனிதர் மாறிவிட்டார், ஏழையின் கண்ணீர் இவர் கண்ணில் படவில்லை என்று எண்ணிக்கொண்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன்பின் அவரைப் பார்க்கச் செல்லவேயில்லை. பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வரும். நான் பதில் எழுதவில்லை. அந்த மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நானும் வேறு பங்குக்கு மாற்றலாகிப் போனேன்.

சென்ற மாதம் அந்த வெள்ளிக்கிழமை, திண்டிவனத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தலின்கீழ் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம், சாமி. என்னைத் தெரியவில்லையா?" என்றார். அந்த விதவையின் மகன். இன்று இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். "நீங்களும் இவரிடம் படித்தவரா?" என்று வியப்போடு கேட்டேன்.

"கல்லூரியில் இல்லை, சாமி. நீங்கள் கடிதம் கொடுத்த மறுவாரம் ஐயாவே எங்கள் வீட்டுக்கு ஆளனுப்பினார். ஒரு வருசம் சனிக்கிழமைதோறும் இந்தத் திண்ணையில்தான் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தார். பேருந்துக்குக் காசும் அவரே கொடுப்பார். இரயில்வே தேர்வு எழுதியது அந்தப் படிப்பை வைத்துத்தான். உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்" என்றார்.

அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல நான் இடம் கொடுக்கவில்லை.

ஓர் இடத்தை அதற்கு உரியவளுக்குக் கொடுத்தார். இடம் கிடைக்காதவனுக்குத் தம் நேரத்தைக் கொடுத்தார். முன்னது நீதி, பின்னது அன்பு. பிறருக்கு உரியதை எடுத்து நமக்கு வேண்டியவருக்கு வழங்குவதை நாம் பல வேளைகளில் அன்பு என்று அழைக்கிறோம். தமக்கு உரியதை எடுத்து வழங்கினாலன்றி அது அன்பாகாது என்பதை அந்தத் திண்ணை எனக்குக் காட்டியது. நானோ, ஒரே ஒரு முறை நேரில் சென்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய உண்மையைப் பாராமலேயே, 'மாறிவிட்டார்' என்ற விடையை முதலில் எழுதிவிட்டேன். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த விடைக்கேற்ற அளவுகளை மனத்துக்குள் நிரப்பிக்கொண்டே வந்தேன். அவர் மடித்துவிட்ட அந்தப் பக்கத்தை நான் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இம்முறை அதைத் திருத்திக் காட்ட அவர் இல்லை.

காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனுடன் ஒப்புரவாகு என்று நம் ஆண்டவர் கற்பித்ததைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்பேன்! நாள்தோறும் பீடத்தின்முன் நின்றவன் நான்; நாற்பது கிலோமீட்டர் தொலைவு எனக்கு நீண்டதாய்த் தோன்றியிருக்கிறது.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் தேடி அலையும் காலம் ஆண்டுதோறும் வருகிறது. பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடமும் வருவீர்கள். வாருங்கள்; ஆனால் அந்தக் கடிதத்தால் பட்டியலிலிருந்து இறங்கப்போகும் பிள்ளை யார் என்று நாம் இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். பின்னர், உங்கள் பிள்ளைக்கு வேறு என்ன செய்யலாமென்று பார்ப்போம். நம் பங்கு இல்லத்திலும் ஒரு திண்ணை இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அது வெறுமையாகத்தான் கிடக்கிறது. வருகிற மாதத்திலிருந்து அங்கே கணக்கும் இயற்பியலும் கற்பிக்கலாமென்று எண்ணியுள்ளேன். எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம். இரயில்வேயில் பணியாற்றும் அந்த அன்பரும், விடுமுறை நாள்களில் வந்து சொல்லித்தருவதாக வாக்களித்திருக்கிறார். மறந்துபோன பாடங்களை இரவில் அமர்ந்து நானும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் யாருக்கேனும், பார்க்கச் செல்லாமல் ஒதுக்கிவைத்த ஆசிரியர் ஒருவர், உறவினர் ஒருவர், அண்டைவீட்டார் ஒருவர் இருப்பாரேயானால், இந்த இதழை மூடிவைத்துவிட்டு இன்றே புறப்படுங்கள். அவரைப்பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கும் விடை சரிதானா என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். தவறாயிருந்தால் அதற்காக நாணவேண்டாம். அதற்கும் முழு மதிப்பெண் தருகிறவர் மேலே இருக்கிறார்.

என் ஆசிரியரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. அவருக்காக நான் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியில் உங்கள் செபங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை